உழவாரமும் நிலமும்: தொண்டில் கருவியின் இடம்

இறைவனுக்குச் செய்யும் தொண்டில் உள்ளத்து அன்பு மட்டும் போதுமா, அல்லது அத்தொண்டுக்கு எடுத்த கருவி நிலத்துக்கும் பருவத்துக்கும் பொருந்தியிருப்பதும் தொண்டின் ஒரு பகுதியா என்னும் கேள்வி, சைவ நூல்களில் நேரடி வாதமாக வருவதைவிட நாயன்மார் வரலாறுகளுக்குள் பொதிந்தே வருகிறது. ஏழாம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசர், கோயில்களில் நிறுவப்பட்ட திருமேனிகளிலெல்லாம் தோளில் சார்த்திய உழவாரத்தோடுதான் நிற்கிறார். உழவாரம் என்பது நீண்ட மரக்காம்பின் முனையில் தட்டையான இரும்பு அலகு பொருத்திய, பிராகாரத்திலும் திருவீதியிலும் முளைக்கும் புல்லை நிலமட்டத்தோடு செதுக்கித் தள்ளும் கருவி. மண்வெட்டி மண்ணை ஆழமாக வெட்டிப் பிடிப்பவர் பக்கம் இழுப்பதற்கானது. உழவாரம் மேற்பரப்பில் ஓடி, வேண்டாததை மட்டும் ஒதுக்குவதற்கானது. நாவுக்கரசர் பாடிய தலங்களுள் கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடியும், இன்று கோவிந்தபுத்தூர் எனப்படும் திருவிசயமங்கையும் அரியலூர் மாவட்டத்தில் இருக்கின்றன.

அந்த ஒரே கருவி பெரம்பலூர், அரியலூர் வட்டாரம் முழுவதற்கும் போதுமானதாக இருந்திருக்க முடியாது என்பதை மண்ணே காட்டிவிடும். பெரம்பலூர்ப் பக்கத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் கரிசல் நிலம், மழை பெய்தால் நீரை உறிஞ்சி உப்பும், கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் களிமண்ணால் ஆனது. ஈரம் மிகுந்த நாளில் அது அலகில் அப்பிக்கொண்டு மண்வெட்டியின் எடையைக் கூட்டும், காய்ந்த நாளில் அதே மண்ணில் மண்வெட்டி துள்ளுமே தவிர இறங்காது, கடப்பாரைதான் வேண்டும். கிழக்கே செல்லச் செல்ல, செயங்கொண்டம் பக்கத்தில் முந்திரி நிற்கும் செம்மண் வருகிறது. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் படுகை. சிமெண்டு ஆலைகளை அங்கே வரவழைத்த அந்தப் பாறை, கடல் இப்பகுதியில் பரவியிருந்த பழங்காலத்தில் படிந்தது. திருமழபாடியிலோ ஆற்று வண்டல். கரிசலுக்கு இரண்டு மழைக்கு நடுவில், மண் ஒட்டாமலும் இறுகாமலும் இருக்கும் சில நாட்கள் உண்டு. அந்தப் பதத்தை உழவர் காலால் மிதித்தே அறிவர். தொண்டுக்கு வருபவர் விடுமுறை நாளைப் பார்த்து வருகிறார், பதம் பார்த்து வருவதில்லை என்பதுதான் சிக்கலின் தொடக்கம்.

கருவியும் பதமும் முக்கியம் என்பதற்கு எதிராக எழக்கூடிய வலுவான வாதம், வேடரான கண்ணப்ப நாயனாரின் வரலாற்றிலிருந்து வருகிறது. திருக்காளத்தியில் முன்னவர் சார்த்திய மலர்களைச் செருப்புக் காலால் ஒதுக்கியவர், நீராட்டுக்கான நீரை வாயில் கொண்டுவந்தவர், சுவைத்துப் பார்த்த இறைச்சியைப் படைத்தவர் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் நாயன்மார் வரலாறுகளைப் பாடிய சேக்கிழார் அவரைச் சொல்கிறார். ஆகம முறைப்படி பூசித்த சிவகோசரியாரைவிட அவருடைய வழிபாட்டை இறைவன் மேலாகக் கொண்டான் என்பதே அவ்வரலாற்றின் முடிவு. அன்பு இருந்தால் எந்தக் கருவியும் ஒன்றே என்று சொல்வோர் இதையே எடுத்துக்காட்டுவர். ஆனால் அதே வரலாற்றை இறுதிவரை படிப்பவருக்கு வேறொன்றும் தெரியும். இறைவன் திருக்கண்ணில் குருதி பெருகியபோது கண்ணப்பர் முதலில் காட்டு மூலிகைகளைத் தேடிப் பறித்துவந்து பிழிந்தார். அது பலிக்கவில்லை என்று கண்ட பிறகே, ஊனுக்கு ஊன்தான் மருந்து என்று தெளிந்து தம் கண்ணைத் தோண்டி அப்பினார். இரண்டாம் கண்ணிலும் குருதி வந்தபோது மூலிகைக்குத் திரும்பவில்லை. தம் மறுகண்ணையும் தோண்டிவிட்டால் அப்ப வேண்டிய இடம் தெரியாதே என்று, அந்த இடத்தில் முன்கூட்டியே காலை ஊன்றிக்கொண்டார். கருவியைப் பற்றிக் கவலையே இல்லாதவர் என்று போற்றப்படுபவர், நோய்க்கு ஏற்ற மருந்தை மாற்றி மாற்றித் தேடியவராகவும், செய்முறையின் இடையூறை முன்னறிந்தவராகவும் இருக்கிறார். அன்பு அவரைக் கவனமின்மைக்கு அல்ல, மிகக் கூர்மையான கவனத்துக்கே கொண்டுசென்றது.

தொண்டில் கருவிக்குள்ள இந்த இடத்தைத் தன் சொற்களில் விளக்கச் சைவ சித்தாந்தம் இடம் தருகிறது. எந்தச் செயலுக்கும் முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என மூன்று காரணங்களை அது கொள்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், திகிரியும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உலகத்துக்கு மாயை முதற்காரணம், இறைவனின் சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்தகாரணம். துணைக்காரணம் என்று பெயர் இருப்பதால் அதை விட்டும் செயல் நடக்கும் என்று கொள்வதற்கில்லை. இறைவனே சத்தியின்றிச் செயல்படுவதாகச் சித்தாந்தம் கூறவில்லை. அதுபோலவே அருள் பதியும் நிலையை, அதாவது சத்திநிபாதத்தை, மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நான்காகப் பிரித்து, உயிரைப் பற்றிய மலம் எவ்வளவு பக்குவப்பட்டிருக்கிறதோ அதற்கேற்ப அருள் பதியும் என்கிறது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நால்வகை நெறிகளும் இந்தப் பக்குவத்துக்கு ஏற்ப அமைந்தவையே. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் திருக்கோயிலை அலகிடுவதையும் மெழுகுவதையும் சரியையில் வைக்கிறது. பிற்காலத்தார் இந்த வரிசையைத் தரவரிசையாக மட்டும் படித்து, கையால் செய்யும் தொண்டைத் தொடக்கநிலைப் பயிற்சி என்று தாழ்த்தியது மரபுக்கு நேர்ந்த இழப்பு. சரியைக்கு எடுத்துக்காட்டாக வைக்கப்பட்ட நாவுக்கரசர், ஞானம் கனிந்த பாடல்களைப் பாடிய பிறகும் முதுமையில் திருப்புகலூரில் உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை.

நிலம் அறிந்து கருவி எடுக்கும் இந்தக் கேள்வி வெப்பமண்டலத்தோடு முடிவதும் இல்லை. 1983-க்குப் பின் பெருந்தொகையாகக் கனடாவுக்குச் சென்ற இலங்கைத் தமிழர் டொராண்டோவைச் சுற்றிக் கோயில்கள் எழுப்பினர். அங்கே வாசலில் புல்லுக்குப் பதில் பனி. புதிதாக விழுந்த உலர்பனி ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 50 முதல் 100 கிலோ வரைதான் இருக்கும். அதை அகன்ற, வளைந்த அலகால் தூக்காமல் தள்ளிக்கொண்டே போகலாம். வெப்பநிலை உறைநிலையை ஒட்டி நிற்கும்போது விழும் ஈரப்பனி அதைப்போலப் பல மடங்கு கனக்கும். அகன்ற அலகில் அதை வாரினால் முதுகும் இதயமும் தாங்காது, சிறிய அலகில் கொஞ்சம் கொஞ்சமாகவே எடுக்க வேண்டும். இறுகி உறைந்ததற்கு இரும்பு விளிம்பு தேவை. ஆனால் அதே இரும்பு மரப்படியையும் மெருகிட்ட கல்லையும் கீறும் என்பதால் அங்கே பிளாஸ்டிக் அலகுதான் ஏற்றது. கரிசலின் ஈரமும் பனியின் ஈரமும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன: வானம் மாறினால் கருவியும் மாற வேண்டும்.

ஆனால் பொருத்தம் மட்டுமே போதுமா என்று கேட்டால், கங்கைகொண்ட சோழபுரம் இல்லை என்கிறது. முதலாம் இராசேந்திரன் பதினோராம் நூற்றாண்டில் எழுப்பிய அக்கோயிலின் சுற்றுமதில், 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது கல்லுக்காகப் பிரிக்கப்பட்டது. மதிலைப் பிரிக்கக் கடப்பாரையைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. அந்தக் கல்லால் எழுந்த அணையால் வயல்களுக்குப் பயனும் உண்டு. வேலைக்கு ஏற்ற கருவி என்னும் அளவுகோலால் பார்த்தால் அங்கே பிழையே நடக்கவில்லை. அந்த அளவுகோலின் குறைபாடே அதுதான். நாவுக்கரசரின் வரலாறு இதற்கும் ஒரு விடை வைத்திருக்கிறது: திருப்புகலூரில் அவர் உழவாரம் செலுத்திய இடமெல்லாம் பொன்னும் நவமணியும் தோன்ற, அவர் அவற்றையும் பருக்கைக் கற்களோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார் என்று சேக்கிழார் பாடுகிறார். எதை ஒதுக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்னும் தெளிவு கருவியைப் பிடித்தவரிடம் இருந்தது; அலகின் கூர்மை அதைத் தந்துவிடாது.

இன்று ஞாயிறுதோறும் குழுக்களாகச் சென்று பழங்கோயில்களைத் துப்புரவு செய்யும் அடியார்கள் அந்தக் கருவியின் பெயராலேயே தம் தொண்டை உழவாரப்பணி என்கின்றனர். பணியின் ஆர்வத்தில் எவரும் குறை காண முடியாது. குறை நேர்வது கருவியில். விமானத்தில் வேரோடிய அரச மரக்கன்றைக் கையால் பிடுங்கினால் வேரோடு சேர்ந்து கல்லும் அசையும். அதை வெட்டி, வேரைப் பட்டுப்போகச் செய்து, பிறகே இணைப்பை அடைக்க வேண்டும். கல்வெட்டுள்ள அதிட்டானத்தில், அதாவது சுவருக்கு அடித்தளமாக அமைந்த கற்படையில், இரும்பு அலகோ கம்பித் தூரிகையோ படக்கூடாது. தென்னை நாரும் தண்ணீரும் போதும். உயர் அழுத்தத்தில் மணலை வீசிக் கல்லைப் பளிச்சென்று ஆக்கும் முறை, பல கோயில்களில் கல்லின் மேல்தோலையே அரித்து எழுத்துகளை மழுக்கிவிட்டது. ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்கிய கருவியை மறுநாள் எங்கே பயன்படுத்துவது என்று யோசிக்காமல் இருப்பது, வணங்கியதையே வீணாக்குவதாகும்.

ஆகவே பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கோயில்களுக்குப் பணிசெய்யச் செல்வோர், கரிசல் முற்றமானால் முதல் மழைக்குப் பிந்திய நாட்களைத் தேர்ந்து, அவ்வூர் உழவர் ஒருவரை உடனழைத்துச் செல்ல வேண்டும்; கல்வெட்டுச் சுவரை நெருங்குமுன் அதைப் படிக்கத் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும். 2004-இல் உலக மரபுச் சின்னங்களுள் சேர்க்கப்பட்ட கங்கைகொண்ட சோழபுரம் போன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில், அத்துறையின் இசைவு இல்லாமல் எந்தக் கருவியையும் எடுக்கக் கூடாது.