இரவல் கோபம்

கொஞ்சம்கூடக் கோபம் வராத ஒரு விஷயத்தைப் பற்றி, கோபமாக இருநூறு வார்த்தை எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் பிரெஞ்சில்?

கரியாலூரில் ஒரு பெண் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறிப் போனால் வரும் ஊர் அது. மழைக்கு நான் ஒதுங்கியது அவர்கள் வீட்டுத் திண்ணையில். ஒரு மூலையில் சாக்கு விரித்துக் கடுக்காய் உலர்த்தியிருந்தார்கள். இன்னொரு மூலையில் நோட்டு, செல்போன், ஒரு பழைய அலாரம் கடிகாரம். “உக்காருங்க சார். முப்பத்தஞ்சு நிமிஷத்துல இதை முடிக்கணும், அப்புறம் பேசறேன்” என்றார், தலை நிமிராமல்.

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். லீவில் வந்திருக்கிறார். கனடா போக வேண்டும். கனடாவுக்கு எதற்குப் பிரெஞ்சு என்று, உங்களுக்கு இப்போது தோன்றியதைத்தான் நானும் கேட்டேன். கியூபெக் மாகாணத்துக்கு வெளியே பிரெஞ்சு பேசுகிறவர்களின் விகிதம் குறைந்துகொண்டே போகிறது என்று அந்த நாட்டுக்குக் கவலை. அதனால் 2023-லிருந்து பிரெஞ்சு தெரிந்தவர்களைத் தனி வரிசையில் கூப்பிடுகிறார்கள். கேட்க, படிக்க, பேச, எழுத என்று நான்கிலும் ஏழாம் நிலையைத் தொட்டால் அந்த வரிசையில் நிற்கலாம். அதற்கான பரீட்சைகளில் ஒன்று ‘தெஃப் கனடா’. பாரிஸ் வர்த்தக சபை நடத்துவது.

எழுத்துப் பகுதி ஒரு மணி நேரம். ஒரு பத்திரிகைச் செய்தியின் முதல் வரியைக் கொடுத்துவிடுவார்கள். மீதிச் செய்தியை 80 வார்த்தைக்குக் குறையாமல் நீங்கள் எழுதி முடிக்க வேண்டும். இதற்கு 25 நிமிஷம். மிச்சம் 35 நிமிஷத்துக்கு, பத்திரிகையில் வந்ததாக ஒரு கருத்து. அதை ஏற்றோ மறுத்தோ பத்திரிகைக்குக் கடிதம். குறைந்தது 200 வார்த்தை, மூன்று காரணங்கள். ஆக, முதலில் நடக்காத சம்பவம்... பிறகு இல்லாத அபிப்பிராயம்!

“நர்ஸிங்ல முதல் பாடமே பொய் எழுதக் கூடாதுங்கறதுதான் சார். டெம்பரேச்சர் பாக்கலன்னா பாக்கலன்னுதான் சார்ட்ல எழுதணும். இங்க என்னடான்னா...” என்று சிரித்தார். அன்றைய பயிற்சித் தலைப்பு, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது மனிதர்களைச் சோம்பேறியாக்குகிறது என்பது. “நான் எந்தக் காலத்துல சார் வீட்லேர்ந்து வேலை பாத்தேன்? எனக்கு இதுல கோபமே வரல. ஆனா கோபமா எழுதணும்.”

இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு ரெடிமேட் கடிதம் செல்போனில் சுற்றுகிறது. ‘தங்கள் இதழில் வெளியான கட்டுரையைக் கண்டு வியப்படைந்தேன்’ என்று ஆரம்பம். முதலாவதாக, இரண்டாவதாக, இறுதியாக. நடுவில் கோடிட்ட இடங்கள். சோம்பேறித்தனம் என்றால் சோம்பேறித்தனம், செல்போன் என்றால் செல்போன். நிரப்பினால் போதும். நாமும் பள்ளிக்கூடத்தில் இப்படித்தானே ‘நான் முதலமைச்சரானால்’ எழுதினோம்! என் வகுப்பில் முப்பத்தெட்டு முதலமைச்சர்கள். முப்பத்தெட்டு பேரும் முதல் கையெழுத்தை ஒரே திட்டத்துக்குத்தான் போட்டார்கள். நோட்ஸில் அந்தத் திட்டம்தான் இருந்தது.

இது பொய்யா, இல்லையா? சிரிக்காமல் யோசித்துப் பாருங்கள்.

பொய்யைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதியவர் புனித அகஸ்டின். 395-ம் வருஷ வாக்கில். ரொம்பக் கறாரான மனிதர். உயிரைக் காப்பாற்றக்கூடப் பொய் கூடாது என்பவர். (நம் வள்ளுவர் இந்த விஷயத்தில் தாராளம். குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யையும் வாய்மைக் கணக்கில் வரவு வைக்கிறார்.) அந்த அகஸ்டினே வேடிக்கைப் பேச்சைப் பொய்யில் சேர்க்கவில்லை. கேட்கிறவனுக்கு அது வேடிக்கை என்று தெரியும், ஏமாற்றும் எண்ணம் அதில் இல்லை என்பதால். பரீட்சையும் அப்படித்தான். தாள் திருத்துகிறவர், இந்தப் பெண் நிஜமாகவே வீட்டு வேலைக்காரர்களுக்காகக் கொதிக்கிறார் என்று நம்பப் போவதில்லை. அவர் பார்ப்பது காரணம் கோர்வையாக வருகிறதா, வினைச்சொல் சரியாகத் திரும்புகிறதா என்றுதான். அதனால் இல்லாத கருத்தை எழுதுவது பொய் ஆகாது. நர்ஸம்மா நிம்மதியாக இருக்கலாம்.

ஆனால் அந்த ரெடிமேட் கடிதம்? அங்கேதான் எனக்கு இடறுகிறது. ‘இவ்வளவு பிரெஞ்சு எனக்கு வரும்’ என்பதுதான் அந்தத் தாளில் நீங்கள் நிஜமாகச் சொல்லும் ஒரே செய்தி. வார்த்தைகள் இரவல் என்றால் அந்தச் செய்திதான் பொய். நாளைக்கு கனடாவில் ஒரு கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் ஏதோ சொல்லும்போது ‘தங்கள் இதழில் வெளியான கட்டுரையைக் கண்டு’ எந்த விதத்திலும் உதவாது.

இதை அவரிடம் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, “எங்கப்பா பட்டாவுக்கு மனு குடுக்க விழுப்புரம் போவார் சார். அப்ப அதுதான் கலெக்டர் ஆபீஸ். வாசல்ல ஒருத்தர் மனு எழுதித் தருவார். ‘மேற்படி முகவரியில் வசித்து வரும் நான் ஏழை விவசாயக் கூலி’ன்னு ஆரம்பிக்கும். எல்லா மனுவும் அப்படித்தான். எங்கப்பாவுக்கு அதுல பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. கைநாட்டு வெச்சுட்டு வந்துருவார். அதுவும் பொய்யா சார்?”

என்னிடம் பதில் இல்லை. நிலம் நிஜம், உழைப்பு நிஜம், குறை நிஜம். வார்த்தைதான் இரவல். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாவட்டம் பிரிந்தது 2019-ல்தான். அதுவரை அந்த மனிதர் விழுப்புரத்துக்குப் போய்வந்ததே பாதி மனு. ஆனால் அந்த நிலத்தைப் பற்றி அவர் தன் வாயால் சொல்லியிருக்கக்கூடிய எதுவும் அந்தத் தாளில் ஏறியிருக்காது. எழுதிக் கொடுத்தவரிடம் அதற்கு இடம் இல்லை. அவரிடம் இருந்ததும் கோடிட்ட இடங்கள்தான்.

பிரெஞ்சும் தமிழும் ஒரே தலைக்குள் குடியிருப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. புதுச்சேரியில் தூப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, பகலெல்லாம் துரைமார்களோடு காரியம் பார்த்தவர். 1736-லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். தமிழில்! துரையைப் பற்றி நிஜமாக என்ன நினைத்தாரோ அது அங்கே இருக்கிறது. அந்த ஞாபகத்தில்தான் கேட்டேன், “பிரெஞ்சை விடும்மா. பேப்பரில் வந்த எதுக்காவது உனக்கு நிஜமா கோபம் வந்திருக்கா? தமிழ்ல சொல்லு.”

உடனே வந்தது பதில். “2024 ஜூன்.”

கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்துப்போனார்களே, அந்த மாதம். “ஹாஸ்டல்ல ஒவ்வொருத்தியும் கேட்டா சார், உங்க மலைச் சரக்கான்னு. பேப்பர்ல, டிவியில, கல்வராயன் மலைன்னாலே சாராயம். எனக்கு மலையே பேர் மாறிப்போன மாதிரி இருந்துச்சு.”

“இதை எழுது” என்றேன். “‘கல்வராயன் மலைக்காரர்கள் சாராயம் காய்ச்சுகிறவர்கள்’ என்று ஒரு பத்திரிகை எழுதியிருக்கிறது. நீ பதில் எழுது.”

அலாரத்தைத் திருகி வைத்துவிட்டு எழுதினார். ரெடிமேட் கடிதம் பக்கம் போகவே இல்லை. முதல் காரணம் வேகமாக வந்தது: மெத்தனால் தொழிற்சாலை ரசாயனம், மலையில் விளைவதல்ல. இரண்டாவது: இந்த மலை ஜாகீர்தார்கள் கையிலிருந்து அரசாங்கத்தின் கைக்கு வந்ததே 1976-ல்தான். சாலையும் பள்ளியும் பிந்தி வந்த இடத்தில் பிழைப்புக்கு வழி என்ன இருந்தது? அத்தனை பேர் செத்த பிறகுதானே சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மலை ஜனங்களின் நிலையை வழக்காக எடுத்தது? சின்னச் சின்ன வாக்கியங்கள். இரண்டு இடத்தில் ஆண்பால் பெண்பால் தப்பு. மேஜைக்கும் நாற்காலிக்கும்கூடப் பால் பார்க்கிற பாஷை, என்ன செய்வது! ஆனால் படித்தால் ஒரு மனுஷி பேசுவது கேட்டது.

மூன்றாவது காரணத்தில் பேனா நின்றுவிட்டது.

“என்னம்மா?”

“எல்லாரும் காய்ச்சலன்னு எழுதணும் சார்.”

“எழுது.”

“தமிழ்ல எழுதிரலாம் சார். பிரெஞ்சுல ரெண்டு மாதிரி இருக்கு. ‘பெர்ஸோன்’ போட்டா ஒருத்தருமே காய்ச்சலன்னு அர்த்தம். ‘பா தூ லு மோந்த்’ போட்டா எல்லாருமே காய்ச்சலன்னு இல்ல, சில பேர் காய்ச்சினாங்கன்னு அர்த்தம். ரெண்டுல ஒண்ணுதான் போட முடியும்.”

‘எல்லாரும் காய்ச்சவில்லை.’ தமிழில் சொல்லிப் பாருங்கள். இரண்டு அர்த்தமும் அதற்குள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கின்றன. கேட்கிறவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். சொல்கிறவரும் தப்பித்துக்கொள்ளலாம்.

‘பெர்ஸோன்’ போட்டால் கடிதம் பலமாக இருக்கும். திருத்துகிறவருக்கு இந்த மலை எங்கே இருக்கிறதென்றே தெரியாது, சரிபார்க்கப் போவதும் இல்லை. பரீட்சையில் எழுதுவது பொய்யாகாது என்று அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அகஸ்டினை வைத்துத் தீர்ப்பு வேறு சொல்லியிருந்தேன். நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் ஓடையின் பக்கம் பார்த்தார். மழை விட்டிருந்தது. “எங்க சித்தப்பா காய்ச்சினார் சார். நான் அஞ்சாவது படிக்கறப்ப போலீஸ் வந்து ஊறலைக் கொட்டினாங்க. தண்ணியெல்லாம் வெல்ல வாசனை.”

அலாரம் அடித்தது. அதை அமுக்கி அணைத்துவிட்டு, ‘பா தூ லு மோந்த்’ என்றே எழுதினார். பிறகு ஆள்காட்டி விரலை வைத்து முதல் வரியிலிருந்து எண்ண ஆரம்பித்தார். உதடு மட்டும் அசைந்தது.

“நூத்தி எண்பத்தேழு. இன்னும் பதிமூணு வேணும் சார்” என்றார்.