இறந்தவர் தரப்பு

மனித உரிமை என்று யார் கூட்டம் போட்டாலும் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: செத்தவனுக்கு உரிமை கிடையாதா? அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துச் சிறு மண்டபங்களில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். மேடையிலிருப்பவர்கள் பெரும்பாலும் இதைப் போலீஸ் தரப்புக் கேள்வியாகப் பாவித்துத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளக்கூடிய கேள்வி இல்லை இது என்றே எனக்குப் படுகிறது.

பக்கத்திலிருக்கும் பூந்தமல்லியையே எடுத்துக்கொள்கிறேன். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர்களும் செத்தார்கள். அதே நெடுஞ்சாலையில் சென்னைக்கு வரும் வழியிலுள்ள பூந்தமல்லியின் தனி நீதிமன்றத்தில், தடா சட்டத்தின் கீழ், மூடிய கதவுகளுக்குள் விசாரணை நடந்தது. 1998 ஜனவரி 28ல் தீர்ப்பு. நின்ற 26 பேருக்கும் தூக்கு. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் 19 பேர் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டு வெளியே வந்தார்கள். நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள்.

அந்தத் தீர்ப்பில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நடந்தது தடா சட்டம் சொல்லும் பயங்கரவாதச் செயல் அல்ல என்றது நீதிமன்றம். ஆனால் போலீஸ் சூப்பிரண்டு முன் கொடுக்கப்பட்ட வாக்குமூலங்கள் – தடா இல்லையென்றால் சாட்சியமாகவே நிற்காதவை – கொலைக் குற்றத்துக்குச் சாட்சியமாக நின்றன. வீடு இடிந்துவிட்டது, உத்தரம் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. பிறகு 2013ல், வாக்குமூலம் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், ஓய்வுபெற்ற நிலையில், ஒன்று சொன்னார்: பாட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதவில்லை.

இப்போது கடைசி வரிசைக்காரரின் கேள்விக்கு வரலாம். அந்த வாக்கியம் விடுபட்டபோது வஞ்சிக்கப்பட்டது சிறையிலிருந்தவர் மட்டும்தானா? செத்தவர்களுக்கு உயிரோடிருப்பவர்கள் செய்யக்கூடியது அதிகமில்லை. யார், எப்படி, எதற்கு என்பதைச் சரியாகச் சொல்லலாம். ஸ்ரீபெரும்புதூரில் காவலுக்கு நின்று செத்த கான்ஸ்டபிளுக்கும் அந்த வாக்கியம் சேர வேண்டியதுதான். குற்றவாளிக் கூண்டையும் பிணத்தையும் தராசின் இரண்டு தட்டுகளாக வைத்துப் பார்க்கிற பழக்கத்தில் நமக்கு இது புலப்படுவதில்லை.

ஆனால் நம் தரப்பும் அவ்வளவு சுத்தமில்லை. பழ. நெடுமாறன் தலைமையிலான 26 தமிழர் உயிர்க்காப்புக் குழு அந்த மேல்முறையீட்டுக்காக ஊரெங்கும் பணம் திரட்டியது. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2011 ஆகஸ்டில் காஞ்சிபுரத்தில் செங்கொடி தீக்குளித்து இறந்தார். அற்புதம்மாள் மகனுக்காக அலைந்த அலைச்சல் 2022 மே 18ல்தான் முடிந்தது. நவம்பரில் மற்ற அறுவரும் வெளியே வந்தார்கள். இத்தனைக்கும் நாம் சொன்ன நியாயங்கள் என்ன? தமிழர், ஒரு தாயின் கண்ணீர், நிரபராதி. மூன்றும் மனத்தைத் தொடுபவை. மூன்றும் இல்லாத ஒருவன் வந்து நின்றால்?

வந்தான். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டுக்குள் ஐந்து பேரைப் போலீஸ் ஒரே இரவில் சுட்டுக் கொன்றது. வங்கிக் கொள்ளையர்கள் என்றது. பெரும்பாலும் பீகார்க்காரர்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் போன்றவை கேள்வி எழுப்பின. எங்கள் பக்கத்தில் ஒரு சுவரொட்டியையும் நான் பார்க்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தும் பிரஸ்ஸும் ஓட்டுகிறவர்களில் எத்தனையோ பேர் அதே ஊர்களிலிருந்து வந்தவர்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த ஐவர் கொள்ளையடித்தே இருக்கலாம். அவர்களுக்கு வழக்கே நடக்கவில்லையாதலால், விடுபட்டுப்போன வாக்கியம் ஒன்றைப் பல வருஷம் கழித்து நினைவுகூர எந்த அதிகாரிக்கும் வழியில்லை.

அதற்குப் பிறகு, குடியிருப்போர் விவரம் காவல்நிலையத்தில் தர வேண்டும் என்று மாநகரில் உத்தரவு வந்தது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் போட்டோ ஒட்டிப் படிவம் நிரப்பிக் கொடுத்தார்கள். அவர்களில் சிலர் பேரறிவாளனுக்காக உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்ந்தவர்கள்.