யாருக்கான ஊசி

2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயதுவரை எல்லாருக்கும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட்டார்கள். மொரப்பூரிலிருந்து அக்கா போன் செய்தாள்: "வாட்ஸ்அப்புல என்னென்னவோ வருது. பையனுக்குப் போடலாமாடா?" ரிவ்யூ இல்லாமல் கோடில் ஒரு வரி மாற்றாதவன் நான். ஆபீஸ் அவசரத்தில், "இப்ப வேணாம்க்கா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

அடுத்த வருடம் அவனுக்கு உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. ரூபெல்லாவாக இருக்கலாம் என்றார் டாக்டர். மூன்றே நாளில் விளையாடப் போய்விட்டான். அது தடிப்பு தெரிவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தொற்றும். முந்தின நாள்வரை அவனை மடியில் வைத்திருந்த என் மனைவிக்கு அப்போது மூன்றாம் மாதம்.

ரூபெல்லா பிள்ளைகளைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு வந்தால் கருவின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941இலேயே இதைச் சொல்லிவிட்டார். ஆக, அந்த ஊசியில் பாதி எங்கள் பையனுக்கானதே இல்லை. இன்னும் பிறக்காத யாருக்கோ. அவர்களைக் கேட்காமல்தான் நான் வேண்டாம் என்றிருக்கிறேன்.

ரத்தப் பரிசோதனையில் மனைவிக்கு ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி இருப்பது தெரிந்தது. "அதான் ஒண்ணும் ஆகலையே, விடுடா" என்றாள் அக்கா. ஆகாமல் போனதற்குக் காரணம் நானில்லையே.

அவன் கிளாஸ் டீச்சரும் அப்போது மாசமாக இருந்தாராம், பேச்சுவாக்கில் அக்கா சொன்னாள். அவருக்கு என்ன ஆயிற்று என்று நான் இன்னும் கேட்கவில்லை.