மரியாதையும் மௌனமும்

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய ஒரு பங்கில் முதியவர் ஒருவரை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அவருடைய மனைவி அருகில் வந்து, குறை கூறும் தொனி சிறிதுமின்றிச் சொன்னார்: "ஆறு மாசமா நன்மை வாங்கணும்னு கேட்டுக்கிட்டே இருந்தார் சாமி. நீங்க கோவில் வேலையா அலையுறீங்களேன்னு நாங்கதான் சொல்லலை."

ஆலய முகப்பை நாம் புதுப்பித்துக்கொண்டிருந்த காலம் அது. முதல் வெள்ளிதோறும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்லும் வழக்கம் எப்போது நின்றது என்பதே நமக்கு நினைவில்லை. சிமெண்டு மூட்டைகளின் கணக்கு நினைவிருந்தது. விசாரித்தபோது, உபதேசியாருக்கு இது தெரிந்திருந்தது. மரியாயின் சேனையினருக்குத் தெரிந்திருந்தது. பங்குப் பேரவையிலும் சிலருக்குத் தெரிந்திருந்தது. "சாமிகிட்ட எப்படிச் சொல்றது?" என்பதே எல்லாருடைய பதிலும்.

இந்த மௌனத்திற்கு என்ன பெயரிடுவது? மக்கள் அதனை மரியாதை என்கின்றனர். குருவைக் குறை சொல்லலாகாது என்று பிள்ளைப் பருவம் முதல் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆயினும் அம்மரியாதைக்கு விலை கொடுத்தவர் படுக்கையில் கிடந்த அந்த முதியவரல்லவா? பழியை மக்கள்மீது சுமத்தி நாம் தப்பவும் இயலாது. அதற்கு முந்தைய ஆண்டு, திருவிழாச் செலவு மிகுதி என்று பேரவையில் எழுந்து சொன்ன ஒருவருக்கு நாம் கொடுத்த சூடான பதிலை எல்லாரும் கேட்டிருந்தனர். அவர் அதன்பின் கூட்டத்திற்கு வரவில்லை. பேசினால் என்ன நேரும் என்பதை நாமே கற்பித்துவிட்டு, ஏன் பேசவில்லை என்று வினவுவது எவ்வகை நீதி?

1983இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பங்குத்தந்தை தம் மக்களை அறிந்திருக்கவும், குடும்பங்களைச் சந்திக்கவும், நோயுற்றோருக்கும் சிறப்பாக இறக்கும் தறுவாயில் இருப்போருக்கும் துணைநிற்கவும் வேண்டும் என்கிறது (எண் 529). பங்குப் பேரவைக்கு ஆலோசனைக் குரல் மட்டுமே உண்டு என்றும் அதே தொகுப்பு கூறுகிறது (எண் 536). குருக்களாகிய நாம் அந்த 'மட்டுமே'யை ஒருபோதும் மறப்பதில்லை! ஆனால் இரண்டாம் வத்திக்கான் சங்கமோ, 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில் (எண் 37), திருச்சபையின் நலன் குறித்துத் தம் கருத்தைத் தெரிவிப்பது பொதுநிலையினருக்குச் சில வேளைகளில் கடமையே என்றது. வாய்திறக்க அஞ்சுவோரிடமிருந்து ஆலோசனை எவ்வாறு வரும்?

590இல் திருத்தந்தையான புனித பெரிய கிரகோரியார், மேய்ப்பர்களுக்கென எழுதிய நூலில் இதனைப் பேசுகிறார். அந்தியோக்கியாவில் பவுல் கேபாவை நேருக்கு நேர் கண்டித்த நிகழ்ச்சியை (கலா 2:11) நாமும் அறிவோம். நம் முன்னோர் இராயப்பர், சின்னப்பர் என்று அன்போடு அழைத்த அவ்விருவரில், மறையுரைகளில் நாம் பெரும்பாலும் பவுலின் துணிவையே புகழ்கிறோம். பேதுருவின் இருக்கையில் அமர்ந்திருந்த கிரகோரியாரோ, அக்கண்டனத்தை மனமுவந்து ஏற்ற பேதுருவைச் சுட்டிக்காட்டுகிறார். தலைமைப் பொறுப்பில் இருந்தவருக்கு எது கடினம் என்பது தெரிந்திருக்கிறது.

பேசவிட்டால் கோஷ்டிகள் தலைதூக்கும், குருவைப் பணியவைக்கச் சில குடும்பங்கள் துணியும் என்று உடன் குருக்கள் எச்சரிப்பதுண்டு. அது பொய்யன்று, நாமும் பட்டிருக்கிறோம். எனினும் பேரவையில் சொல்ல இடமில்லாதது தேநீர்க்கடையில் சொல்லப்படுகிறது. அங்கே அதற்கு விடையளிக்க எவருமில்லை.

அந்த அடக்கத்திற்குப் பின், ஆலயத்திற்கு வர இயலாதோரின் பெயர்ப்பட்டியலைப் பேரவையில் முதற்பொருளாக வாசிக்கத் தொடங்கினோம். தொடக்கத்தில் பெயர்களைக் கேட்டுத் தலையசைத்ததோடு சரி. நான்காம் கூட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தார். "சாமி, மேலத் தெருவுக்கு நீங்க வந்து ரெண்டு மாசம் ஆகுது." நமக்குச் சுருக்கென்றது. மறைமாவட்டக் கூட்டங்கள், பள்ளி வேலைகள் என்று சொல்வதற்குக் காரணங்கள் பல இருந்தன. பழைய சூடும் நாவின் நுனிவரை வந்தது. பேரவை முழுவதும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "எந்த வீடம்மா?" என்று கேட்டு, எழுதிக்கொண்டோம்.