துரத்திய தேசத்தின் பாஷை

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துக்குப் பின், மியான்மரின் ரக்கைன் மாநிலத்தில் கிராமங்கள் தீக்கிரையாக, நாஃப் நதியைக் கடந்து வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் ஜில்லாவை வந்தடைந்த ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா ஜனங்களின் குழந்தைகளுக்கு எந்தப் பாஷையில் எழுத்தறிவிப்பது என்னும் கேள்வி, பார்வைக்குப் பாடபுத்தகம் பற்றியதாகத் தோன்றினாலும், அக்குழந்தைகள் எந்த மண்ணுக்கு உரியவர்கள் என்பதை அவர்களைக் கேளாமலே பிறர் தீர்மானிக்கிற காரியமாகும்.

வங்காள பாஷையைக் கற்றவர்கள் திரும்பிப்போக மனங்கொள்ளார் என்று அஞ்சி, அகதி முகாம்களின் கல்விக்கூடங்களில் அதனைக் கற்பிக்கலாகாதென வங்கதேச அரசு விலக்கிவைத்தது. செல்வச் செழிப்பில்லாத ஒரு நாடு, இத்தனை ஜனங்களுக்கும் இடங்கொடுத்த பின் அவ்வாறு அஞ்சுவதைத் தொலைவிலிருப்போர் இகழ்வது தர்மமன்று. ஆயினும், 1952ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் தாய்மொழிக்காக டாக்கா வீதியில் இளைஞர்கள் உயிர்நீத்ததும், அந்நாளையே 1999இல் யுனெஸ்கோ உலகத் தாய்மொழி தினமாக ஏற்றதுமாகிய பெருமைக்குரிய அந்த நாடு, தன்னுடைய சிட்டகாங் பேச்சுக்கு மிக நெருங்கிய பேச்சையுடைய குழந்தைகளுக்கு, கடைத்தெருவில் காதில் விழும் மொழியின் எழுத்தை மறுப்பது மனத்தை மிகவும் வருத்துகிறது.

மியான்மரின் மொழியாகிய பர்மிய பாஷையின் விஷயம் இன்னும் சிக்கலானது. 2020இல் அனுமதி பெற்று 2021இல் சோதனை முறையில் தொடங்கிய மியான்மர் பாடத்திட்டத்தைப் பெற்றோரில் பலர் தாமே வேண்டினர். ஊர் திரும்பும் நாளில் பிள்ளைகள் ஊமையராய் நிற்கலாகாது என்ற அவர்கள் எண்ணத்தில் பிழை காண்பதற்கில்லை. ஆனால் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்களுடைய பிரஜா உரிமைக்கு வழியடைத்து, ரோஹிங்கியா என்ற பெயரையே ஒப்பாமல் வங்காளிகள் என்றழைக்கும் தேசத்தின் பாடபுத்தகத்தில், தன் மூதாதையரைத் தேடும் குழந்தை யாரைக் காணும்?

திரும்பும் உரிமைக்காகப் பர்மிய மொழியையும், வாழும் இடத்துக்காக வங்காளத்தையும் கற்பிப்பதே நியாயம். அவ்விரண்டுக்கும் முன்பாக முதலெழுத்து குழந்தையின் சொந்தப் பேச்சில் அமையவேண்டும். அதற்கு லிபியில்லை என்ற சமாதானம் நிற்காது. எந்த லிபி ஏற்றது என்பதில் ரோஹிங்கியா ஜனங்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் உண்டெனினும், 1980களில் உருவான ஹனீஃபி லிபி 2018இல் யூனிகோடு வரிசையிலும் இடம்பெற்றுவிட்டது. பர்மியப் பாடம் நடத்தும் ரோஹிங்கியா ஆசிரியர், பொருள் விளங்காத இடத்தில் தம் பாஷையிலேயே சொல்லி விளக்குகிறார். அதைக் கேட்டுத் தெளிந்த குழந்தை, தெளிந்ததை எழுத முனையும்போது மட்டும் வேறொருவர் மொழிக்கு மாறிக்கொள்ள நேர்கிறது.