வில்வ இலையும் புழுவும்

அர்ச்சனைக்கென்றே வீட்டுத் தோட்டத்தில் வில்வம் வளர்க்கும் அன்பர்கள் நாடெங்கும் உள்ளனர். மழைக்குப்பின் மரம் தளிர்க்கும்போது அவர்களுக்கு ஒரு சங்கடம் நேர்கிறது. பறவை எச்சம் போன்ற தோற்றத்துடன் சிறு புழுக்கள் தளிர்களில் ஒட்டியிருக்கின்றன. சில நாட்களில் அவை பச்சை நிறம் பெற்றுத் தளிர்களைத் தின்று தீர்க்கின்றன. எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை ஆகியவற்றையும் நாடும் இப்புழு, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்பருவமே. பூச்சி அரித்த இலை பூஜைக்கு ஆகாது என்பது மரபு. அப்படியானால், இறைவனுக்கு இலை வேண்டும் என்பதற்காக ஓர் உயிரை நஞ்சிட்டுக் கொல்லலாமா?

மகாபாரதத்தின் வனபர்வத்தில் தர்மவியாதர் கௌசிகருக்கு உரைத்தது இங்கு நினைவுகூரத்தக்கது. சுவாமி விவேகானந்தர் கர்மயோகச் சொற்பொழிவில் எடுத்துக்காட்டிய அதே வியாதர்தான். உழவை நல்ல தொழில் என்கிறோம்; ஆனால் கலப்பை மண்ணைக் கீறும்போது எண்ணற்ற உயிர்கள் மடிகின்றன, முற்றிலும் ஹிம்சையற்றவர் எவருமில்லை என்கிறார் அவர். இல்லறத்தாரின் அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்திலும் உயிர்க்கொலை நேர்வதை மனுஸ்மிருதி ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடாக ஐந்து வேள்விகளை விதிக்கிறது. அவற்றுள் பூதயஜ்ஞத்தில் காக்கைக்கும் புழுவுக்கும்கூட உணவில் பங்கு உண்டு. தவிர்க்க முடியாத கொலையைச் சாஸ்திரம் மறைக்கவில்லை. அதைக் காரணம் காட்டி வேண்டிய மட்டும் கொல்லலாம் என்றும் கூறவில்லை.

1928-ஆம் ஆண்டு சபர்மதி ஆசிரமத்தில், மீளாத் துன்பத்தில் கிடந்த ஒரு கன்றின் உயிரைக் காந்தியடிகள் கருணையினால் போக்கச் செய்தார். அதுகுறித்து எழுதுகையில், பயிரை அழிக்கும் குரங்குகளைக் கொல்வதை அவர் அதே வகையில் சேர்க்கவில்லை. முன்னதில் கன்றின் நலன் கருதப்பட்டது. பின்னதில் நம் நலன் மட்டுமே. புழுவின் விஷயத்திலும் இந்த நேர்மை வேண்டும்.

வளர்ந்த வில்வ மரம் சில தளிர்களை இழந்தாலும் மீண்டும் துளிர்க்கும். அதற்கு மருந்தடிப்பது தேவையற்ற கொலை என்றே கருதுகிறேன். இளங்கன்றின் நிலை வேறு. சில புழுக்களே அதை மொட்டையாக்கிவிடும். அங்கே மெல்லிய வலையால் மூடலாம். புழுக்களைக் கையால் எடுத்துப் பெரிய மரத்தில் விடலாம். (தொட்டால் தலைக்குப் பின்னிருந்து செந்நிறக் கவைக்கொம்பை நீட்டி நாற்றம் வீசும், அஞ்ச வேண்டாம்.) வேப்பங்கொட்டைக் கரைசல் புழுவின் பசியைக் கெடுத்து, அது தோலுரித்து வளர்வதைத் தடுக்கிறது. இயற்கையானது என்பதால் அது அஹிம்சை ஆகிவிடாது. மெதுவாகக் கொல்கிறது, அவ்வளவே. ஆயினும் கடும் நஞ்சோ, புழுவின் முட்டைக்குள்ளேயே முட்டையிட்டு அதன் பெருக்கத்தை இயல்பாகக் கட்டுப்படுத்தும் சிறு குளவிகளையும் சேர்த்து அழிக்கிறது. தெளித்த இலையே பின்னர் பிரசாதமாக நம் வாய்க்கும் வருகிறது.

இன்னொரு வழக்கமும் உண்டு: தாம் தொடாமல், கூலிக்கு ஆள் அமர்த்தித் தெளிக்கச் சொல்வது. பதஞ்சலி முனிவர் யோகசூத்திரத்தில் ஹிம்சையைத் தாமே செய்தது, பிறரைக் கொண்டு செய்வித்தது, உடன்பட்டது என மூன்றாகக் கூறி, மூன்றும் துன்பத்தையே தரும் என்கிறார். முகக்கவசமோ கையுறையோ இன்றி அந்த நஞ்சை நாளெல்லாம் சுவாசிப்பவரும் அந்தத் தொழிலாளிதான்.