ரெகுலேட்டர் யார் கையில்?

மின்விசிறி ரெகுலேட்டரை மூன்றிலிருந்து நான்குக்குத் திருப்பும்போது யாரும் சுதந்திரத்தைப் பற்றி யோசிப்பதில்லை. வெக்கையாக இருந்தால் கூட்டுகிறோம், குளிர்ந்தால் குறைக்கிறோம், அவ்வளவுதான். அதே மாதிரி ஒரு திருகியை நிகோடினை ஆவியாக்கும் கருவியில் பொருத்தினால் விஷயம் சிக்கலாகிவிடுகிறது. வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள வேப் கருவிகளைச் சொல்கிறேன். அதைத் திருப்புகிறவர் தன் பழக்கத்தைக் கட்டுப்படுத்துகிறாரா, இல்லை பழக்கம் அவர் விரலை வைத்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறதா?

கேள்வி தத்துவ வகுப்பில் கேட்பது போல இருக்கிறது. ஆனால் பதிலுக்குக் கொஞ்சம் பள்ளிக்கூட இயற்பியல் வேண்டியிருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வேப் கருவிக்குள் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு சின்ன உலோகக் காயில், அதை ஒட்டிப் பஞ்சுத் திரி. திரி இ-லிக்விடை உறிஞ்சி வைத்திருக்கும். பொத்தானை அழுத்தினால் காயில் சூடாகும், திரவம் ஆவியாகும், ஆவி குளிர்ந்து நுண்துளிகளாகி வாய்க்குள் போகும். திரவத்தில் இருப்பவை பிராப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருட்கள், நிகோடின். இன்றைய இ-சிகரெட்டுக்கு வழிபோட்டவர் என்று சொல்லப்படும் ஹான் லிக் ஒரு சீன மருந்தாளுநர். தானே கடுமையாகப் புகைத்தவர். அப்பாவை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 2003இல் அவர் உருவாக்கிய கருவியின் நோக்கம் எளிமையானது: நிகோடின் இருக்கட்டும், எரிவது வேண்டாம்.

ஆரம்பகாலக் கருவிகளில் பேட்டரி நேரடியாகக் காயிலோடு இணைந்திருந்தது. முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும் பேட்டரி தீரத் தீர இறங்கிக்கொண்டே வரும். காலையில் நன்றாக இருந்த சுவை சாயங்காலம் சப்பென்று போய்விடும். இதைச் சரிசெய்ய ஒரு சின்ன மின்சுற்று வந்தது. பேட்டரியில் என்ன மிச்சம் இருந்தாலும் காயிலுக்குப் போகும் வோல்டேஜை அது ஒரே அளவில் வைத்திருக்கும். அந்த அளவை நாமே தீர்மானிக்க, பேனா மாதிரி இருக்கும் கருவியின் அடியில் ஒரு திருகி. பலவற்றில் அது 3.3 வோல்ட் முதல் 4.8 வோல்ட் வரை போகும்.

3.3க்கும் 4.8க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் மின்திறன் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 2 ஓம் காயிலில் 3.3 வோல்ட் கொடுத்தால் சுமார் 5.4 வாட். 4.8 வோல்ட் கொடுத்தால் சுமார் 11.5 வாட். வோல்டேஜ் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, வெப்பம் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. விரல் கொஞ்சம்தான் நகர்கிறது, காயில் வேறொரு உலகத்துக்குப் போய்விடுகிறது.

அந்த உலகங்களுக்கு இடையே சுவை மாறுகிறது. குறைந்த வோல்டேஜில் ஆவி மெல்லியது, குளிர்ந்தது. பழ வாசனைகள் அதில் தெளிவாகத் தெரியும் என்பார்கள். கூட்டும்போது ஆவி அடர்த்தியாகி, சூடாகி, தொண்டையில் ஓர் அடி அடிக்கும். சிகரெட்டை விட்டு வந்தவர்கள் தேடுவது பெரும்பாலும் அந்த அடியைத்தான். காபி, புகையிலை, கஸ்டர்ட் மாதிரியான கனத்த சுவைகளுக்கும் கூடுதல் சூடு வேண்டும் என்பது அந்த வட்டாரத்தின் அனுபவ அறிவு. இன்னும் கூட்டினால் திரி உறிஞ்சும் வேகத்தைக் காயில் ஆவியாக்கும் வேகம் மிஞ்சிவிடும். திரி காய்ந்து, அடிப்பிடித்த பால் மாதிரி ஒரு காந்தல் வரும். ஒருமுறை அனுபவித்தவர் மறுமுறை தானாகவே திருகியைக் குறைத்துவிடுவார்.

இந்தக் காந்தலை வைத்து ஒரு நல்ல விவாதம் நடந்தது. 2015இல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கடிதம் வெளியிட்டார்கள். 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் சேர்மங்கள் அவர்கள் அளவீட்டில் தென்படவில்லை. 5 வோல்ட்டில் கணிசமாக இருந்தன. செய்தித்தாள்கள் இதைப் பெரிதாக்கின. கிரேக்க இதயநோய் மருத்துவர் கான்ஸ்டான்டினோஸ் ஃபர்சலினோஸ் மறுத்தார். அப்படி அதிக அளவு வருவது திரி காயும் நிலையில்தான், அந்தக் காந்தலை எந்த மனிதனும் தொடர்ந்து இழுக்க மாட்டான், இயந்திரத்துக்கு நாக்கு இல்லை என்பதால் அது இழுத்துக்கொண்டே போகிறது என்பது அவர் வாதம்.

இரண்டு தரப்பும் தங்கள் அளவீட்டில் சரியாக இருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வாதத்துக்கு அடியில் இருக்கும் நம்பிக்கை: மனித நாக்கு ஒரு பாதுகாப்புக் கருவி, வோல்டேஜ் எல்லை மீறினால் உடம்பு சொல்லிவிடும். இது பாதி உண்மை. நாக்கு காந்தலைச் சொல்லும். ஆனால் வோல்டேஜ் ஏற ஏற ஃபார்மால்டிஹைடு கூடுகிறது என்று 2014இல் வெளியான வேறோர் ஆய்வு காட்டியிருந்தது. அந்தப் படிப்படியான ஏற்றத்தை நாக்கு சொல்லாது. அதற்கு அது இன்னும் நல்ல சுவையாகத்தான் படும்.

என் ஹாஸ்டல் நண்பன் ஒருவன் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் இருக்கிறான். பன்னிரண்டு வருஷம் சிகரெட் பிடித்தவன். வேப்புக்கு மாறியதும் போனில் அவன் சொன்ன முதல் விஷயம் சுவையைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ இல்லை. "சிகரெட் சொல்றத நான் கேட்டுட்டு இருந்தேன்டா. இது நான் சொல்றதக் கேக்குது" என்றான். அதில் இருந்த நிம்மதியை நான் சந்தேகிக்கவில்லை, இப்போதும் சந்தேகிக்கவில்லை. பற்றவைத்த சிகரெட் தன் வேகத்தில் எரிந்து முடியும். அதை நடுவில் நிறுத்துவதும்கூட வீணாக்குகிற குற்ற உணர்ச்சியைத் தரும். இங்கே எல்லாவற்றுக்கும் ஓர் எண் இருக்கிறது. எண் இருக்கும் இடத்தில் பொறியாளனுக்கு ஒரு தைரியம் வந்துவிடும்.

சில மாதம் கழித்து இன்னொரு செய்தி சொன்னான். இ-லிக்விடின் நிகோடின் அளவை மில்லிலிட்டருக்கு 18 மில்லிகிராமிலிருந்து 6க்குக் குறைத்துவிட்டானாம். வாழ்த்தினேன். வோல்டேஜ் எவ்வளவு என்று கேட்டேன். 3.6இல் வைத்திருந்ததை 4.6க்கு ஏற்றியிருந்தான். பாட்டில் எத்தனை நாள் வருகிறது என்று கேட்டேன். "அத மட்டும் கேக்காத" என்று சிரித்தான்.

மென்பொருள்காரர்களும் மின்னணுக்காரர்களும் கட்டுப்பாட்டுச் சுற்று என்று ஒன்றைப் படித்திருப்போம். ஏசியை எடுத்துக்கொள்ளுங்கள். 24 டிகிரி என்று இலக்கு வைக்கிறோம். சென்சார் அறையின் வெப்பத்தைப் பார்க்கிறது. இலக்குக்கும் நிலைமைக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக் கம்ப்ரஸர் ஓடும் அல்லது நிற்கும். கம்ப்ரஸர் நாள் முழுக்க ஏதோ தீர்மானித்துக்கொண்டே இருப்பது போலத் தெரியும். தீர்மானித்தது ஒரே ஒரு தடவை, அதுவும் ரிமோட் வைத்திருந்த கை.

நிகோடினுக்குப் பழகிய உடம்பில் இப்படி ஓர் இலக்கு இருக்கிறது. ரத்தத்தில் நிகோடின் அந்த அளவுக்குக் கீழே போனால் எரிச்சல், கவனச் சிதறல், ஏக்கம். வந்துவிட்டால் அமைதி. சிகரெட் காலத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. 'லைட்' சிகரெட்டுகளின் ஃபில்டரில் நுண்துளைகள் போட்டார்கள். புகை இயந்திரத்தில் தார் அளவு குறைவாகக் காட்டியது. மனிதர்கள் ஆழமாக இழுத்தார்கள், அடிக்கடி இழுத்தார்கள், விரலாலும் உதட்டாலும் துளைகளைத் தெரியாமலே மூடினார்கள். உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது. அமெரிக்கா 2009இல் சட்டம் போட்டு அந்த 'லைட்' என்ற சொல்லையே சிகரெட் பெட்டியிலிருந்து எடுக்க வைத்தது. வேப்பிலும் இதேதான் நடக்கிறது. லண்டன் சவுத் பேங்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள வேப் பயனர்களுக்கு 18 மில்லிகிராமுக்குப் பதில் 6 மில்லிகிராம் திரவம் கொடுத்தபோது அவர்கள் கூடுதல் தடவை, கூடுதல் நேரம் இழுத்தார்கள். ஃபார்மால்டிஹைடு உள்ளே போனதன் தடயமும் கூடியது.

அப்படியானால் என் நண்பனின் விரல் கம்ப்ரஸர்தான். இலக்கு வேறெங்கோ நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. விரல் உண்மையாகவே திருகியைத் திருப்புகிறது, சுவையை உண்மையாகவே தேர்ந்தெடுக்கிறது. ஆனால் அந்தத் தேர்வுகள் எல்லாமே ஒரு பெரிய தேர்வு நடக்காமல் இருப்பதற்குள் அடங்கியிருக்கின்றன.

இங்கே நிறுத்திவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும்: திருகி ஒரு மாயை, கட்டுப்பாடு என்பது விளம்பரம். எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை.

அமெரிக்கத் தத்துவவாதி ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் 1971இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆசைகளை இரண்டு அடுக்காகப் பிரித்தார். எனக்கு ஒன்று வேண்டும் என்பது முதல் அடுக்கு. அந்த 'வேண்டும்' எனக்கு வேண்டுமா என்பது இரண்டாவது. அவர் உதாரணமாக எடுத்துக்கொண்டதே போதைக்கு அடிமையானவர்களைத்தான். ஒருவர் தன் போதையை மனதாரத் தழுவுகிறார். இன்னொருவர் அதை வெறுத்துக்கொண்டே அதற்கு வளைகிறார். மூன்றாமவர் இதைப் பற்றி யோசிப்பதே இல்லை. ஆசை இழுத்த பக்கம் போகிறார். மூன்று பேரும் ஒரே பொருளை ஒரே அளவில் எடுத்துக்கொள்ளலாம், ஆனாலும் மூன்று பேரும் ஒன்றல்ல.

இதை வைத்துப் பார்த்தால் திருகியின் அருமை வேறு மாதிரி தெரிகிறது. திருகி இலக்கை மாற்றாது. ஆனால் இலக்கு ஒன்று இருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது. 18 என்பதும் 6 என்பதும் 4.6 என்பதும் எண்களாகக் கண்முன்னே இருந்ததால்தான் என்னால் அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தது, அவனால் சிரிக்க முடிந்தது. அந்தச் சிரிப்பு இரண்டாவது அடுக்கிலிருந்து வந்தது. சிகரெட் பிடித்த பன்னிரண்டு வருஷத்தில் அது வந்து நான் பார்த்ததில்லை.

திருகி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 2015இல் அமெரிக்காவில் ஜூல் வந்தது. பொத்தான் இல்லை, திருகி இல்லை, திரவம் ஊற்றும் வேலை இல்லை. மூடி முத்திரையிட்ட பாட், அதில் 5 சதவீத நிகோடின், அதுவும் தொண்டையில் உறுத்தாத உப்பு வடிவத்தில். இழுத்தால் வரும். வடிவமைப்பு என்ற அளவில் அருமையான வேலை. நாங்கள் எல்லோரும் வேலையிடத்தில் கும்பிடும் 'எளிமை'தான் அது. மூன்றே ஆண்டில், 2018 டிசம்பரில், பள்ளி மாணவர்களிடையே வேப்பிங் கொள்ளைநோய் போலப் பரவிவிட்டதாக அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி அறிவித்தார். எளிமை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அமைப்புகளை ஒளித்துவைக்கும்போது அமைப்புகள் இல்லாமல் போவதில்லை. வேறொருவர் ஏற்கெனவே வைத்துவிட்டார் என்று மட்டும்தான் அர்த்தம்.

சரி, என் நண்பனைப் போன்றவர்களுக்கு இது நல்லதா கெட்டதா? லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹாயெக் குழு 2019இல் வெளியிட்ட சோதனையில், புகையை விட முயன்ற 886 பேரில் ஒரு பாதிக்கு இ-சிகரெட்டும் மறுபாதிக்கு நிகோடின் பட்டை, சூயிங்கம் போன்றவையும் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துச் சிகரெட்டை விட்டிருந்தவர்கள் முதல் குழுவில் 18 சதவீதம், இரண்டாவதில் 9.9 சதவீதம். இன்னோர் எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அப்படி வென்றவர்களில், முதல் குழுவில் 80 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் இ-சிகரெட்டை விடவில்லை. மற்றக் குழுவில் தங்களுக்குக் கொடுத்த நிகோடின் பொருளை விடாதவர்கள் 9 சதவீதம்தான்.

இந்த இரண்டு எண்களும் சண்டை போடவில்லை, இரண்டு வேறு நன்மைகளைப் பற்றிப் பேசுகின்றன. ஒன்று உயிர். எரியும் புகையிலையை விட்டது நுரையீரலுக்குப் பெரிய விடுதலை. அதைச் சின்னதாகப் பேச எனக்கு உரிமை இல்லை. இன்னொன்று தன்னாட்சி. அது இன்னும் வரவில்லை. முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதன் பெயரில் விற்கிறார்கள், அங்கேதான் பிசகு.

இந்தியச் சட்டம் வேறு வழியில் போயிற்று. 2019இன் தடைச் சட்டப்படி இ-சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு, விளம்பரம் எல்லாமே குற்றம். பெட்டிக்கடையில் பீடியும் சிகரெட்டும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. பதினைந்து வயதுப் பையனை நினைத்தால் இந்தத் தடை சரி என்று படுகிறது. இருபது வருஷமாகப் புகைக்கும் ஒருவரை நினைத்தால் அவருக்கு இருந்த ஒரு கதவை மூடிவிட்டு, பழைய கதவைத் திறந்தே வைத்திருப்பது போலப் படுகிறது. சட்டத்தில் திருகி கிடையாது, இரண்டு பேருக்கும் ஒரே அளவுதான்.

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். மருந்து 95ஆம் அதிகாரம். மருந்தில் வள்ளுவர் உணவைப் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்ப அளவைச் சொல்கிறார்: பசித்தபின், செரித்தபின், அளவறிந்து. கள்ளைப் பற்றிப் பேசும்போது இவ்வளவு குடிக்கலாம் என்ற பேச்சே இல்லை. சில விஷயங்களில் கேள்வி 'எவ்வளவு', சிலவற்றில் 'வேண்டுமா' என்று அவர் பிரித்துவைத்திருப்பதாக நான் வாசிக்கிறேன். வேப் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. புகையை விட வந்தவருக்கு அது மருந்து, எனவே அளவு. நாளாக ஆக அது தானே பழக்கமாகிறது, எனவே 'வேண்டுமா'. ஒன்று மற்றதாக மாறும் நாளை எந்தத் திருகியும் காட்டாது.

என் பங்குக்கு நண்பனிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். வோல்டேஜைப் பார்க்காதே, வாரத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் போகிறது, அதை எத்தனை மில்லிகிராமால் பெருக்குவது என்று பார். அந்தப் பெருக்கல் குறைந்தால்தான் நீ குறைத்திருக்கிறாய், மற்றதெல்லாம் சுவை. "ஆபீஸ் டாஷ்போர்டு மாதிரி பேசுறடா" என்றான். ஆனால் இப்போது பாட்டிலில் திறந்த தேதியை எழுதி வைக்கிறான்.

அவன் கருவியின் திருகி 3.3இல் ஆரம்பிக்கிறது. விசிறி ரெகுலேட்டரில் உள்ள பூஜ்யம் அதில் இல்லை. கடையில் விற்கும் இ-லிக்விட் பாட்டில்களில் மட்டும் 0 மில்லிகிராம் என்று ஒன்று உண்டு. அதை எடுப்பதா என்பதை, அலமாரிக்கு முன்னால் நின்று, அவன்தான் சொல்ல வேண்டும்.